கருப்பட்டி போட்ட தரை

"இனிமே சீனி, கருப்பட்டி எல்லாத்தையும் குறைக்கணும் ஐயா. உங்களுக்கு இனிப்பு ஆகாது" என்று போன மாதம் டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டுக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சின்ன மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் மனைவி பாக்கியம் மட்டும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "இனிப்பு எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு இவருக்கு இளம் வயசிலேயே தெரியுங்க டாக்டர். என்ன, தரையைப் போட்ட பிறகுதான் தெரிஞ்சுச்சு" என்றாள். டாக்டர் பாவம், என் ரத்தப் பரிசோதனைத் தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்கு விளக்க நேரமில்லை, வாசலில் இன்னும் பத்துப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குச் சொல்கிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருசம் ஆகியிருந்த சமயம். நான் அட்டன் பசாரில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். கடையின் ஒரு பக்கம் ஆணி, தகரம், சீமெந்து. மறுபக்கம் சீனி, பருப்பு, கருவாடு. முதலாளி காசிம் நானா தங்கமான மனுசர். கடையில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். "சீமெந்து மூட்டைக்குப் பக்கத்துல சீனி மூட்டைய வைக்காத மகன்." நானும் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தேன். சாம்பல் நிறத்தில் சீனி விற்றால் எவன் வாங்குவான்? முதலாளிக்குச் சீனிமேல் எவ்வளவு அக்கறை என்று மெச்சிக்கொள்வேன்.

சீமெந்து விற்றே எனக்குச் சீமெந்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் இத்தனை மணலுக்கு இத்தனை சீமெந்து என்று பாடம் நடத்துவேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் ஒரு கரண்டிக் கலவையைக் கையால் தொட்டதில்லை. (மருந்துக்கடைப் பையன் ஆபரேஷன் செய்யக் கத்தியைத் தூக்கின கதைதான்.)

இந்த நேரத்தில்தான் மாமா கடைக்கு வந்தார். தூரத்து முறையில் மாமா. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணி. கோட்டு, தலைப்பாகை, கைத்தடி, இந்த மூன்றும் இல்லாமல் அவரை அவர் பெண்டாட்டிகூடப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். அவருடைய மகள்தான் பாக்கியம். அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்) அவள் ஆயாவாக இருந்தாள். அவளை எனக்குக் கேட்கவேண்டும் என்று என் மனசு கிடந்து தவித்தது. ஆனால் கடையில் கருவாடு நிறுக்கிறவனுக்குப் பெரிய கங்காணி பெண் கொடுப்பாரா?

மாமா வந்தவுடன் புலம்பினார். தோட்டத்தில் புது மடுவம் கட்டியிருக்கிறார்களாம். கினிகத்தேனையிலிருந்து வந்த பாஸ், அதாவது மேசன், சுவரெல்லாம் எழுப்பி, தரைக்குக் கல்லும் பாவிவிட்டு, காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டாராம். சனிக்கிழமை தொரைசாணி வந்து திறந்துவைக்கப் போகிறார். தரைக்கு மேல்பூச்சு இல்லை.

"தொரைகிட்ட என்னத்தச் சொல்லுவேன்? என் மானம் போகப் போகுது" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? "தரைதானே மாமா, நான் போட்டுத் தாரேங்க" என்றேன்.

"ஒனக்கு மேசன் வேலை தெரியுமா?"

"என்னங்க மாமா இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க பூட்டன் கொத்தனாருங்க. தஞ்சாவூர்ப் பக்கம் அவரு கட்டின மண்டபம் இன்னமும் நிக்குதாம்." (நிற்கிறதா, விழுந்ததா என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் போய்ப் பார்த்ததில்லை.)

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். தாடியைச் சொறிந்தார். "சரி. தரை மட்டும் நல்லா வந்துச்சுன்னா, தை மாசம் ஒங்க அம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லு. பேசிக்கலாம்."

என்ன பேசுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மயக்கம் போட்டிருப்பேன். காசிம் நானா லீவு கொடுத்தார், கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தார். "போயிட்டு வா மகன். ஆனா வாயால கொழைச்ச சீமெந்து இறுகாது, பாத்துக்க." பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து ஸ்டோரைத் திறந்ததும் எனக்கு முதல் அடி விழுந்தது. பனியும் மழையும் குடித்துச் சீமெந்து பாதிக்கு மேல் கட்டி தட்டிக் கிடந்தது. கையால் நசுக்கினால் சில கட்டி உதிர்ந்தது, சில கட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது. அட்டனிலிருந்து புது மூட்டை வாங்கி வர நாளில்லை. மாமா பின்னாலேயே நிற்கிறார்.

"இடிச்சுச் சலிச்சா போதுங்க மாமா" என்றேன். என் வாய்க்கு எப்போதும் கலக்கமே வருவதில்லை.

இடிக்க உரல் வேண்டுமே? மாமி மாவிடிக்கிற உரல்தான் கிடைத்தது. "புட்டுக்கு இடிக்கிற ஒரல்ல மண்ணையா இடிக்கப் போறான்?" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். இடித்தேன். நாலு குத்துக்கு மேல் தூள் உரலின் அடியில் அப்பிக்கொண்டு, உலக்கையிலும் பிடித்துக்கொண்டு, நகர மாட்டேன் என்றது. குத்தக் குத்த அடை மாதிரி ஆனதே தவிர நைசாகவில்லை. யோசித்தேன். மிளகாய் இடிக்கும்போது பெண்கள் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்களே! விளக்கிலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு உரலையும் உலக்கையையும் துடைத்துவிட்டு இடித்தேன். அட! தூள் ஒட்டவே இல்லை. பூ மாதிரி உதிர்ந்தது. சல்லடையில் கொட்டினால் விபூதி மாதிரி இறங்கியது.

சுற்றி நின்றவர்கள் "அடேயப்பா" என்றார்கள். மாமா மீசையைத் தடவினார். என் தலை கொஞ்சம் வீங்கியது. (மாமா வீட்டுப் புட்டில் அடுத்த இரண்டு மாதம் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. மாமி சாகும்வரை அதை மறக்கவில்லை.)

அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதை இல்லை. ஒரு சொட்டு எண்ணெய்க்கே இந்த மாயம் என்றால், பூட்டனுடைய ரகசியத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று புத்தி வேலை செய்தது. பூட்டன் கலவையில் கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊற்றுவாராம். அதனால்தான் மண்டபம் இரும்பாக நிற்கிறதாம். கடுக்காய்க்கு நான் எங்கே போக? பக்கத்துப் பசாருக்கு ஓடி, காய்ந்த இலையில் கட்டின, கித்துள் மரப் பதநீரில் காய்ச்சின கருப்பட்டி ஒரு பெரிய பொட்டலம் வாங்கி வந்தேன். சிரட்டை சிரட்டையாக வார்த்தது, கறுகறுவென்று, நல்ல சரக்கு.

பொட்டலத்தைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். அவளிடம் நேராகப் பேசின முதல் பேச்சே அதுதான். "இதை எல்லாத்தையும் வாளித் தண்ணியில கரைச்சுக் கொண்டா பாக்கியம். யாருக்கும் சொல்லாத. எங்க பரம்பரை ரகசியம்."

"தரைக்கா மச்சான்?" என்று கண்ணை விரித்தாள்.

"தரைக்குத்தான்."

கொஞ்ச நேரம் கழித்துச் சாயத்தண்ணி (பாலில்லாத தேத்தண்ணி) நிறத்தில் ஒரு வாளி வந்தது. அவள் வாயில் எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள். வெற்றிலையாக்கும் என்று நினைத்தேன். அன்றைக்குப் பழைய மடுவத்தில் ஒரு குழந்தையும் அழவில்லை என்பதையும் கவனித்தேன். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

கலவையை வாளித் தண்ணியில் குழைத்தேன். ஐயோ, அந்தக் கலவையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வழக்கமாக ஊற்றும் தண்ணியில் முக்கால்வாசிகூட ஊற்றவில்லை, அதற்குள் பாயாசம் மாதிரி இளகிவிட்டது. கரண்டியால் தள்ளவே வேண்டாம், இழுத்த பக்கம் வந்தது, மூலை முடுக்கெல்லாம் தானாகப் போய் நிரம்பியது. மட்டப்பலகையை ஒரு தடவை இழுத்தேன், கண்ணாடி. வேலை தெரியாத நான் போட்ட தரையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மாமா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "பூட்டன் ரத்தம்டா" என்றார். அந்த ஒரு சாயங்காலம் நான் ராசா.

விடிந்ததும் ஓடிப் போய் ஓரமாக ஒரு விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று.

பனி, குளிர், அதனால் கொஞ்சம் சுணங்குது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் இன்னொரு இடத்தில் அழுத்தினேன். இன்னொரு குழி. சாயங்காலம் இன்னொன்று. மறுநாளும் அதே கதை. நான் சுவர் ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து குத்திப் பார்த்ததில் தரை ஓரம் முழுக்கப் பல்லாங்குழி மாதிரி ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை. யாராவது "தரை எப்படி?" என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றினேன். தரை மட்டும் அப்படியே, ஊற்றின அன்றைக்குப் போலவே, பளபளவென்று, என்னைக் கேலி செய்வதுபோல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை எறும்பு வந்தது. முதலில் ஒரு வரிசை, பிறகு ஊரே திரண்ட மாதிரி. வாசல்படி வழியாக ஏறித் தரை ஓரத்தில் மொய்த்தது. நான் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறேன், அது திரும்பி வருகிறது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் சாக்குகளைப் பிரித்துத் தரை முழுக்க மூடினேன்.

"என்னடா, காஞ்சிருச்சா?" என்று மாமா வந்து கேட்டார்.

"மேலதாங்க ஈரம். உள்ளுக்குக் கல்லு மாதிரி" என்றேன். உண்மையில் உள்ளே பாஸ் பாவின கல் இருந்தது, அதனால் முழுப் பொய் இல்லை.

"அப்ப எதுக்குச் சாக்கு?"

"தொரைசாணி வர்றாங்கல்ல, தூசி படக்கூடாதுன்னு."

என் கணக்கு இதுதான்: வாசலில் ரிப்பனை வெட்டுவார்கள், தலையை நீட்டி உள்ளே பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், போய்விடுவார்கள். ஒருத்தரும் உள்ளே கால் வைக்காமல் இருந்தால் நான் பிழைத்தேன். தோட்டத்துக் கோயில் மாரியம்மாவிடம் நான் அதை மட்டும்தான் கேட்டேன்.

சனிக்கிழமை தோட்டமே கூடியது. தொரை, வெள்ளைக் கவுனும் குதி உயர்ந்த சப்பாத்துமாகத் தொரைசாணி, புதுக் கோட்டில் மாமா. ரிப்பனை வெட்டினார்கள். தொரைசாணி வாசலில் நின்று உள்ளே பார்த்து, தமிழில் "ரொம்ப நல்லது" என்றார். எனக்கு உயிர் பாதி வந்தது. மாமா என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். மீதி உயிரும் வந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, சின்னதொரை உள்ள போயிருச்சு!"

பெரியதொரை திடுக்கிட்டுத் தன் உதவி அதிகாரியைத் தேடினார். (அவருக்கும் தோட்டத்தில் சின்னதொரை என்றுதான் பெயர்.) உள்ளே போனதோ தவழும் குழந்தை. யாரோ ஆசைப்பட்டு வைத்த பெயர் சின்னதொரை. பயல் இடுப்பில் அரைஞாண்கயிறு மட்டும் கட்டிக்கொண்டு, சாக்கு விலகின இடத்தில் கையையும் முழங்காலையும் பதித்துப் பதித்து நடுத்தரைக்குப் போய்விட்டான்.

தொரைசாணி நல்ல மனசுக்காரர். "ஓ, பேபி!" என்று தாவி உள்ளே போனார். இரண்டாவது எட்டில் சப்பாத்தின் குதி சாக்கைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. காலை இழுத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்று தடுமாறினார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மாமா விட்டார். தொரைசாணியைத் தாங்குகிறேன் என்று ஓடிய வேகத்தில் அவருடைய வலது பாதம் பொளக்கென்று உள்ளே போய்க் கல்லில் இடித்து நின்றது. தலைப்பாகை கழன்று கலவையில் விழுந்தது. நான் முதல் முறையாக அவர் வழுக்கையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பாக்கியம்தான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிதானமாக உள்ளே நடந்து போனாள். விரலை வாயில் வைக்கப் போன பயலின் கையைத் தட்டிவிட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு, நேராகப் பீலிக்குப் (மலை ஊற்றுத் தண்ணி கொட்டும் குழாய்) போய்க் கழுவினாள்.

மாமா காலை வெளியே எடுத்தார். கணுக்கால் வரைக்கும் சாம்பல். அதில் எறும்பு ஏறியது. மாமா எறும்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சீமெந்துல எதுக்குடா எறும்பு வருது? என்னத்தடா போட்டே?"

"கருப்பட்டிங்க மாமா."

"தரைக்கா?"

கூட்டம் வெடித்தது. கொழுந்துக்காரப் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். யாரோ தொரைக்கு விசயத்தைச் சொல்ல, அவர் தன் தோட்டத் தமிழில், "என்ன கங்காணி, இது தரையா, புட்டிங்கா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் மாமாவுடைய கோட்டு, கைத்தடி, முப்பது வருச மரியாதை எல்லாம் போயிற்று.

மாமா அத்தனை பேர் முன்னாலும் கைத்தடியைத் தரைப் பக்கம் நீட்டினார். "இந்தத் தரை என்னைக்கு இறுகுதோ, அன்னைக்கு வந்து என் மக கழுத்துல தாலியக் கட்டு! அதுவரைக்கும் என் வாசல்ல ஒன் நெழல் விழுந்துச்சு, காலை ஒடிச்சிடுவேன்! இது மாரியம்மா மேல சத்தியம்!"

இறுகவே இறுகாது என்ற தைரியத்தில் சொன்ன சத்தியம் அது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாளே பஸ் ஏறி அட்டனுக்குப் போனேன். காசிம் நானா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அட மடையா! சீனியச் சீமெந்துக்குப் பக்கத்துல வைக்காதன்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்?"

"சீனி கெட்டுடும்னுதானே நானா சொன்னீங்க?"

"சீனிக்கு என்னடா கேடு? சீமெந்தக் காப்பாத்தத்தான் சொன்னேன்! ஒன்ட பூட்டன் கருப்பட்டி ஊத்தினது சுண்ணாம்புக்கு. சுண்ணாம்புக்கு அது அமுதம், சீமெந்துக்கு அது மயக்க மருந்து. கலவைய நல்லா இளக வச்சிட்டுத் தூங்கப் போட்டுடும்."

"எழும்பாதுங்களா?"

"கொஞ்சமாப் போட்டிருந்தா சுணங்கி எழும்பும், எழும்பினா முன்னையவிடக் கெட்டியா நிக்கும். நெறயப் போட்டிருந்தா மௌத்துதான், எழும்பவே எழும்பாது. எவ்வளவு போட்டே?"

பெரிய பொட்டலம். எல்லாத்தையும். என் வாயாலேயே "எல்லாத்தையும் கரைச்சுக் கொண்டா" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னேன். காசிம் நானா எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். செத்த வீட்டுக்காரனுக்குக் கொடுப்பதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் எப்படிப் போயிற்று என்று சொல்ல எனக்கு வார்த்தையில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பருப்புக் கேட்டவருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தேன். கடைசியில் தாங்காமல், மாமா மலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, கொழுந்து மலைக்குள் புகுந்து பழைய பிள்ளை மடுவத்துப் பின்பக்கம் போனேன். கடைசியாக ஒரு தடவை அவளிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று.

பாக்கியம் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய மன்னிச்சுக்க பாக்கியம். அது இறுகாது. முதலாளி சொல்லிட்டாரு. கொஞ்சம் போட்டிருந்தா பொழைச்சிருக்குமாம். நான் ஒரு பொட்டலத்தையே போட்டுட்டேன்."

அவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். முகம் சிவந்தது. "மச்சான், ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் எல்லாத்தையும் கரைக்கல. ஒரு சிரட்டைதான் போட்டேன்."

"மிச்சம்?"

"அன்னைக்குப் புள்ளைங்க எல்லாம் ஒரே அழுகை. ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தேன். தரைக்குப் போயி யாராச்சும் நல்ல கருப்பட்டியக் கொட்டுவாங்களான்னு..." தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் தின்னேன். நெறயாவே தின்னேன்."

புது மடுவத்துக்குள் ஓடினேன். சாக்கைத் தூக்கி எறிந்தேன். விரலை வைத்து அழுத்தினேன். விரல்தான் வலித்தது. குதிகாலால் உதைத்தேன். குதிகால் வலித்தது. தரை தூங்கி எழுந்திருந்தது.

நான் போட்ட கூச்சலில் மாமா மலையிலிருந்து இறங்கி வந்தார். கைத்தடியால் தட்டினார். டங் டங் என்றது. குழியெல்லாம் செதுக்கி எடுத்துப் பூசலாம் என்று, காய்ச்சல் தேறி வந்த பாஸை உளியோடு அழைத்தார். உளி முனை மழுங்கியதுதான் மிச்சம். பாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மொனவத தெம்மே மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன தம்பி போட்டாய் என்கிறார். பரம்பரை ரகசியம் என்று சொல்ல வாயெடுத்தேன், மாமாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். மாரியம்மா மேல் சத்தியம் பண்ணினவர் பின்வாங்க முடியுமா? தை மாதம் கல்யாணம். பந்தியில் மாமா பாயாசத்தை இலையில் ஊற்றவிட்டு, விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "பரவால்ல, இறுகல. சாப்பிடலாம்" என்றார். பந்தியே புரையேறிச் சிரித்தது.

தரை இன்னும் அப்படியே இருக்கிறது. சின்னதொரையின் கையும் முழங்காலும், தொரைசாணியின் சப்பாத்துக் குழி, மாமாவின் வலது பாதம், பாக்கியத்தின் நிதானமான அடிகள் எல்லாம் இருக்கின்றன. சுவர் ஓரத்தில் நான் விரலால் குத்தின குழிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் புளியங்கொட்டை போட்டு ஆடுகிறார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது கலக்கப் போனால், அது குழந்தைக்குப் பால்மாவாக இருந்தாலும், கரண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

டாக்டரிடம் போய் வந்த அன்று பாக்கியம் எனக்குச் சீனி இல்லாத சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கூடவே கடித்துக்கொள்ள ஒரு கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்தாள். நான் ஆசையாகக் கை நீட்டினேன். அவள் அதை உடைத்து, பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, நகம் அளவு துணுக்கை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"முழுசையும் உங்ககிட்டக் குடுத்தா காரியம் கெட்டுடும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.